அணியத்தில் இருந்தவர்

திருகோணமலை,
1942 மே

என் அன்புள்ள றுக்கியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமாயிருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். ஜப்பான் குண்டு விழுந்து ஓடிய சனம் இன்னும் திரும்பவில்லை. நம் தெருவில் நாய்கள்கூட இல்லை. நீ மூதூரில் உம்மாவோடு இருப்பதே நல்லது.

நான் இதுவரை வராததற்குக் காரணம் படகு மோட்டார். கடல் தண்ணீரை உறிஞ்சி இயந்திரத்தைக் குளிர வைக்கும் ரப்பர் சக்கரம் இதழ் இதழாகக் கிழிந்துவிட்டது. யுத்தத்தால் அந்தச் சாமான் கொழும்பிலும் இல்லை. அதே மாதிரி மோட்டார் அபூதாஹிர் காக்காவிடம்தான் இருந்தது. குண்டு விழுந்த காலை துறைமுகத்துக்குள் போனவர் அவர். படகு மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் மிதந்து வந்தது.

அவர் மனைவி உம்மு குல்சும் ராத்தாவிடம் போனேன். காக்காவின் மய்யித்து கரை ஒதுங்கவில்லை என்று அவர் கைம்பெண்ணாக இத்தா இருக்க மறுத்துவிட்டார், வெள்ளையும் உடுக்கவில்லை. "கழட்டுங்க தம்பி. அவர் வந்து கேட்டா குடுத்திரணும்," என்றார்.

சக்கரத்தில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, சுழலும் பக்கமாகத் திருகி என் மோட்டாரில் இறக்கினேன். பீப்பாய்த் தண்ணீரில் வைத்து இயக்கியதும் நீர் பீறிட்டது. கையை நீட்டினேன். சூடாக வரவேண்டிய தண்ணீர், எவ்வளவு நேரம் ஓடியும் கிணற்று நீர் போலச் சில்லென்றே வந்தது.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு தனியாக ஓட்டிப் பார்த்தேன். துறைமுக வாசலில் மலையாளிக் காவலாள் என் துறைமுகப் பாஸைப் பார்த்துவிட்டு, படகின் முன்னால் அணியத்தில் இருப்பவரின் பாஸ் எங்கே என்று கேட்டான். பகிடி என்று நினைத்தேன். அவன் முகத்தில் சிரிப்பில்லை. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ராத்தாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "என்னையும் ஒருக்கா ஏத்துங்க தம்பி," என்றார். அவருக்கும் ஒரு பாஸ் எடுத்துக்கொண்டு போனோம். பாஸ் இரண்டு, ஆள் மூன்று என்று காவலாள் மறித்தான். ராத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து, காக்காவின் பழைய பாஸை நீட்டினார். அவன் அதைப் பார்த்தான், அணியத்தைப் பார்த்தான், போகச் சொல்லிவிட்டான்.

ராத்தா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அணியத்தைப் பார்த்து மெல்லக் கதைத்துக்கொண்டே வந்தார். இடையிடையே நிறுத்தித் தலையாட்டினார். மோட்டார் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. என் கண் பீறிடும் தண்ணீரிலேயே இருந்தது.

கரை இறங்கியதும், "சக்கரம் உங்களிட்டயே இருக்கட்டுமாம்," என்றார். அன்று மஃரிப் தொழுகைக்கு வெள்ளை உடுத்து இத்தா இருக்கத் தொடங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் புறப்படுவேன். பாரம் தூக்காதே. அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக.

நான் தனியாகத்தான் வருவேன், றுக்கியா. ஆனாலும் படகில் இன்னொருவரைக் கண்டால் பயந்து கத்திவிடாதே, ஆர் என்றும் கேட்காதே. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஸலாம் சொல்.

உன்,
ஸுஹைர்