குழலுக்குள் எண்ணெய்த் துணி

மில்லர்புரம், தூத்துக்குடி.
5 நவம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஆறுமுகத்தாய் எழுதுவது. நானும் பிள்ளை செல்வியும் உயிரோடும் ஜலதோஷத்தோடும் இருக்கிறோம். உங்கள் நலத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம். மருத்துவர் இடது கையின் கட்டை மாற்றினாரா என்பதை மட்டும் எழுதுங்கள். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்பாகப் படிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். அவர் படிப்பார் என்பதால் கையெழுத்தில் இந்த முறை கவனம் எடுத்திருக்கிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். செல்வி மூன்று நாளாகச் சாயர்புரத்துக் கல்லூரிக்குப் போகவில்லை. தண்ணீர் மட்டும் காரணமா என்று நான் கேட்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறாள், அல்லது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை.

உங்கள் செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் போனேன். துப்பாக்கி உங்களுடையது, அதனால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். வங்கிக்குப் போனேன். நீங்கள் ஏஜென்சியின் ஆள், அதனால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். பதினான்கு வருடம் அந்த வாசலில் நின்ற மனிதர் யாருடைய ஆள் என்பது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

ஹென்றி வக்கீல் நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னார். ஜெபசிங் அண்ணாச்சி கடையில் ஊராருக்கெல்லாம் மனு டைப் அடிக்கிறவள், சொந்த வீட்டு மனுவுக்கு ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொண்டேன். அதன் சுருக்கத்தை உங்களுக்கும் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

துப்பாக்கி, ஏரல் பக்கத்து வயலில் பன்றி விரட்ட மாமா வாங்கிய ஒற்றைக் குழல். உரிமத்தில் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று இருக்கிறது. மாமாவுக்குப் பின் உரிமம் உங்கள் பெயருக்கு வந்தது, வயல் வேறொருவர் பெயருக்குப் போனது. பயிரும் இல்லை, பன்றியும் இல்லை என்று ஆனபின் துப்பாக்கி வேலை தேடித் தூத்துக்குடிக்கு வந்தது. சொந்தத் துப்பாக்கி உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று ஏஜென்சிக்காரர் விளம்பரம் கொடுத்திருந்தார். அவர் துப்பாக்கியைத்தான் வேலைக்கு எடுத்தார். அதைத் தூக்கி வர ஓர் ஆள் வேண்டும் என்பதால் உங்களையும் எடுத்தார். போன வருடக் கடைசியில் உரிமம் முடிந்தது. முடியும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தோம். ரசீது இருக்கிறது. பதில் இல்லை.

வங்கிக் காவலர் ஆண்டுக்கு ஒருமுறை சுட்டுக் காட்ட வேண்டும், அதைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. இதுவரை இருந்த நான்கு மேலாளர்களும் இந்த விதியை ‘இயக்கிக் காட்டப்பட்டது’ என்ற இரண்டு சொற்களில் நிறைவேற்றினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. ஐந்தாவதாக வந்த செந்தில்முருகன் சார் பொய் எழுதத் தெரியாதவர். செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை, வங்கிக்குப் பின்னால் இருக்கும் உப்பளத்துக்கு உங்களை அழைத்துப் போனார். சுடுவதற்கு ஒரு கால் உடைந்த நாற்காலி. அதைத் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் வைத்தவர் வங்கியைப் பெருக்கும் தேவகனி அக்கா. வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பாதுகாப்பான இடம் எது என்று யோசித்து, உங்கள் பக்கத்தில் நின்றார்.

பதினான்கு வருடத்தில் முதல் தோட்டா. அது நாற்காலிக்குப் போகவில்லை. குழல் நடுவில் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்தது. உங்களுக்கு இரண்டு விரல், தேவகனி அக்காவுக்கு ஒரு கண். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இப்போது வழக்கில் சான்றுப் பொருள் எண் மூன்று. ஒரு குமாஸ்தா கைபேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்தார். விதிப்படி அது மேலிடத்துக்குப் போயிருக்கும்.

இதுவரை திருத்த ஒன்றும் இருக்காது. இனிமேல் வருவதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

குழலுக்குள் எரிந்த பருத்தித் துணியும் தேங்காய் எண்ணெயும் இருந்ததாக ஆய்வக அறிக்கை சொல்கிறது. அறிக்கை வருவதற்கு முன்பே நீங்கள் போலீசிடமும் நீதிபதியிடமும், “துருப்பிடிக்கக் கூடாதுன்னு எண்ணெய்த் துணிய நான்தான் திணிச்சு வச்சேன், எடுக்க மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டீர்கள். அத்தான், கல்யாணமாகி இருபது வருடமாக எண்ணெய்க் குப்பி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டுத்தான் தலைக்குத் தேய்த்திருக்கிறீர்கள். பழந்துணி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் உங்களுக்குச் சொல்லத் தெரியாது. துணியின் நிறம் நீலம், அது ஒரு சேலையின் கரை என்பது வரை ஆய்வகம் கண்டுபிடித்திருக்கிறது. நம் வீட்டில் நீலச் சேலை கட்டுகிறவர் யார் என்று கேட்பதற்குத்தான் அங்கே கருவி இல்லை.

இதற்கு மேல் இந்தக் காகிதத்தில் எழுதுவது முறையல்ல. நீங்கள் சொன்னதைத் திருத்துங்கள். திருத்தச் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும். மீதியை நான் டைப் அடித்துக்கொள்வேன்.

கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆறுமுகத்தாய்


மில்லர்புரம், தூத்துக்குடி.
11 ஜனவரி 2026

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் வந்து சேர்ந்தது. ஒரு வரி கேட்டேன், ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வேறு வரி. ‘செல்விக்கு அம்மா வேணும், பேசாம இரு.’ வலது கைக்குக் கட்டு இல்லையே, இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தத் தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரேஷன் அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். அதிகாரி ஐயா படித்தாலும் சரி. இதைக் கேட்க மறுத்தவர்களின் பட்டியலில் அவர் நாலாவது ஆளாக இருப்பார், அவ்வளவுதான்.

நடந்ததை உள்ளபடி ஒரு மனுவாக அடித்தேன். தேர்தலுக்காகப் போன வருடத்துக்கு முந்திய வருடம் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். இரண்டரை மாதம் கழித்து அது செந்நிறமாகத் திரும்பி வந்தது. நீங்கள் இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் உப்புத்தாளை வைத்துக்கொண்டு தேய்த்தீர்கள். இந்த ஊர்க் காற்றுக்குக் கதவுத் தாழ்ப்பாளே ஆறு மாதம்தான் தாங்கும். ஆகஸ்டில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாள் படுத்திருந்தபோது துப்பாக்கி பீரோவில் கிடந்தது. மறுபடியும் துருப்பிடித்தால் இந்த மனிதர் படுக்கையிலிருந்து எழுந்து தேய்க்க உட்காருவாரே என்று நினைத்தேன். நீலச் சேலையின் கரையைக் கிழித்து, எண்ணெயில் முக்கி, ஒட்டடைக் கம்பால் குழலின் பாதிவரை தள்ளினேன். நீங்கள் எழுந்ததும் சொல்ல நினைத்தேன். அந்த வாரம் செல்வியின் கல்லூரிச் சேர்க்கை வந்தது. மறந்துவிட்டேன். உங்கள் வாக்குமூலத்தில் ‘மறந்துட்டேன்’ என்பது உண்மைதான், ஆள் மட்டும் வேறு.

இந்த மனுவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாக முழுவதும் படித்தார். “தாயி, ஒரு எழுத்துப் பிழை இல்லாம அடிச்சிருக்கிய. ஆனா இத எங்கன கொண்டு போய் வைக்க?” என்று கேட்டார். குற்றப்பத்திரிகையை அறுபது நாளுக்குள் தாக்கல் செய்துவிட்டார்களாம். உங்கள் வாக்குமூலம் அவ்வளவு ஒழுங்காக இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்ததாம். “அவரு ஒத்துக்கிட்டாரு, லேபும் ஒத்துக்கிட்டு. ரெண்டும் ஒட்டி நிக்கி. நடுவுல நீங்க வந்து ஏன் பிரிக்கிய?” என்றார். பொய் ஒன்று இவ்வளவு சரியாகப் பொருந்திவிட்டால் உண்மைக்கு உட்கார இடம் இருப்பதில்லை. வெளியே வரும்போது டைப் அடிக்க அவருக்கும் ஒரு மனு இருப்பதாகச் சொன்னார். மாறுதல் கேட்டு. அடித்துக் கொடுத்தேன்.

ஹென்றி வக்கீலுக்கு மனுவைக் கண்டதும் வியர்த்துவிட்டது. “உண்மையச் சொன்னா குத்தம் குறையாது தங்கச்சி, குத்தவாளிதான் கூடும்” என்றார். உரிமம் முடிந்த துப்பாக்கியை வைத்திருந்தது உங்கள் குற்றம், துணி யார் திணித்தாலும் அது அப்படியே இருக்கும். உரிமமே இல்லாத நான் அதைத் தொட்டது இன்னொரு குற்றம். “அவரு வெளிய வரமாட்டாரு, நீ உள்ள போயிருவ. அப்புறம் பிள்ளய யாரு பாக்க? எனக்கே வீட்டுல மூணு கெடக்கு” என்றார். ஜாமீன் மனு இரண்டாவது முறையும் தள்ளுபடி. உரிமம் மட்டும் நடப்பில் இருந்திருந்தால் என்றைக்கோ வந்திருப்பீர்கள் என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

உரிமப் பிரிவிலிருந்து பதில் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதாம். நல்ல நிலையில் உள்ள துப்பாக்கியோடு நீங்கள் பதினைந்து நாளுக்குள் நேரில் வர வேண்டுமாம். துப்பாக்கி கோர்ட்டில் பிளந்து கிடக்கிறது, உரிமதாரர் பாளையங்கோட்டையில் இருக்கிறார், இருவரில் யார் முதலில் வர வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

செல்விக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பொங்கல் வருகிறதே என்று பழந்துணிப் பெட்டியை ஒதுக்கும்போது அந்த நீலச் சேலையை எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் கரை இல்லை. அப்படியே மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “கெடக்கட்டும்மா” என்றாள். பிறகு வெள்ளை அடிக்க வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பாவைப் போல ஒரு வரியில் பேசும் பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது.

வியாழக்கிழமைதோறும் தேவகனி அக்காவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். போன கண்ணைப் பற்றி இப்போது பேச்சில்லை. இருக்கிற கண்ணிலும் புகை மூட்டமாகத் தெரிகிறது என்கிறார். டாக்டர் சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்தார். அடுத்த முறை என்ன என்று கேட்டேன், பார்ப்போம் என்றார். கண் டாக்டர் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது கேட்பவருக்கு என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

போன வியாழன் திரும்பி வரும் பஸ்ஸில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டேஷனில் வாங்க மாட்டோம் என்றார்கள், வக்கீல் வேண்டாம் என்றார், யாராவது ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லவா. இரண்டு நிறுத்தம் வரை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு, “ஏளா, இத வயித்துல வச்சுக்கிட்டா இத்தன நாளும் எனக்கு இட்லி அவிச்சுக் கொண்டாந்த?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “திணிச்சது நீயா இருந்தா என்ன, அவுகளா இருந்தா என்ன. கண்ணு ஆளக் கேட்டுக்கிட்டா போச்சு?” என்றார். அவர் விரும்பினால் நான் இன்னொரு முறை ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொன்னேன். நீங்கள் எங்கே நின்றாலும் முந்திக்கொண்டு ‘வாங்க அண்ணாச்சி’ என்று சிரிக்கும் அந்த முகம் கண் போன பக்கம் அசையவில்லை. “நீயும் உள்ள போயிட்டா என்னய ஆசுபத்திரிக்கு எவ கூட்டிட்டுப் போவா? பேசாம கெட” என்றார். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டே, “மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சுக்கிடாதளா. வியாழக்கெழம வந்துரு” என்றார்.

ஆகவே பேசாமல் இருக்கப் போகிறேன். இரண்டு இடத்திலிருந்து ஒரே உத்தரவு வந்துவிட்டது. வழக்கு மார்ச்சில் விசாரணைக்கு வருகிறது. நீங்கள் உங்கள் பொய்யை மறுபடி சொல்வீர்கள். நான் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன். பிழையில்லாமல் சொல்வீர்கள் என்று தெரியும்.

பொங்கலுக்கு வெளியிலிருந்து எதுவும் உள்ளே அனுமதி இல்லையாம், கேட்டுவிட்டேன். கையுறை மாதிரி ஒன்று தைத்து வைத்திருக்கிறேன், மூன்று விரலுக்கு. அதை மட்டுமாவது வாங்கிக்கொள்வார்களா என்று அதிகாரி ஐயா தெரியப்படுத்தினால் நன்றியுடையவளாவேன்.

அத்தான், ஒரே ஒரு வேண்டுகோள். இதுவரை நாலு முறை மனுப் போட்டு உங்களைப் பார்த்துவிட்டேன். நாலு முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள், பிள்ளை கல்லூரிக்குப் போகிறாளா என்று கேட்டீர்கள், நேரம் முடிந்தது. இந்த இருபது வருடத்தில் குழம்பில் புளி கூடினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி என்னைத் திட்டியிருக்கிறீர்கள். சாவியை மறந்ததற்குத் திட்டியிருக்கிறீர்கள். பால் பொங்கியதற்குத் திட்டியிருக்கிறீர்கள். இதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் யாரும் சொல்லவில்லை, சட்டமும் சொல்ல மாட்டேன் என்கிறது. பொங்கல் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை வருகிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சத்தமாக இருக்கும், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்காது. அரை மணி நேரத்தில் ஒரே ஒரு நிமிடம் எனக்காக ஒதுக்கி, என்னைத் திட்டுங்கள்.

உங்கள்,
ஆறுமுகத்தாய்