மடிப்புக் கலையாத விரிப்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? கடை முகவரிக்கே எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதினால் உன் மாமியார் படித்து, அத்தான் படித்து, உன் கைக்கு வருவதற்குள் பழைய பேப்பராகிவிடும். போனில் பேசலாம் என்றால் உன் பக்கத்தில் எப்போதும் நாலு காது.

நான் படிக்கும் இந்த ஊரிலிருந்து சனி, ஞாயிறு எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுத் தலைநகருக்குப் போய்வந்தோம். நான், அறைத்தோழி பஞ்சு, எந்தப் பலகையைப் பார்த்தாலும் நின்று படித்து விளக்கம் சொல்வதால் 'வாத்தியார்' என்று பெயர் வாங்கிய வகுப்புத்தோழன், அப்புறம் இங்கே படிக்க வந்திருக்கும் உன் கொழுந்தன். 'ரெண்டு பேரும் பழகிப் பாருங்க, அப்புறம் தேதி குறிக்கலாம்' என்று நீ சொன்னதால்தான் அவனையும் கூப்பிட்டேன். பழகிப் பார்த்தாகிவிட்டது. போதும். எனக்கு அவன் வேண்டாம்.

ஊர் அழகுதான். ஆறு, பாலம், மணிக்கூண்டு எல்லாம் இருந்தன. நான் எங்கே அதையெல்லாம் பார்த்தேன்! ஒரு அம்மா தன் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருந்தார். இரண்டு அறை, நாலு பேருக்கு ஒரே குளியலறை. உன் கொழுந்தன் குளித்துவிட்டு வந்தால் தண்ணீர் போகும் துளையில் செத்த எலி மாதிரி ஒரு கொத்து முடி. சாப்பாட்டு மேஜைமேல் காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டினான். ஒரு துண்டு பறந்து பஞ்சுவின் காப்பியில் விழுந்தது. விரலை விட்டு எடுத்துப் போட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, குடி" என்றான். நக்கிய கரண்டியை மறுபடியும் ஜாம் பாட்டிலுக்குள் விட்டான். என் துண்டில் அவன் எதைத் துடைத்தான் என்று எழுதமாட்டேன். நீ சாப்பிடுகிற நேரமாக இருக்கும்.

அத்தானிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் தங்கை


மார்ச் 15

அடியே மகாராணி,

உன் கடிதத்தை மருந்துக் கடையின் பின்பக்கம், இருமல் மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்துவிட்டார். நகம் வந்த இடத்தில் மட்டும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்காக, முடிக்கும் நகத்துக்குமா ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்பாய்? மூக்கு இருக்கிற வரைக்கும் சளி இருக்கும். உன் அத்தான் ஈரத் துண்டை மெத்தைமேல்தான் போடுவார். பல் குத்திய குச்சிகளை ஜன்னல் விளிம்பில் நட்டுவைப்பார், ஏதோ தோட்டம் போடுகிறவர் மாதிரி. ஒன்பது வருஷமாகப் பொறுக்கி எறிகிறேன். இந்த வீட்டு ஆண்களுக்குக் கைதான் அழுக்கு, மனசு சுத்தம். அனுபவித்துச் சொல்கிறேன்.

என் நிலைமையையும் கொஞ்சம் யோசி. என் தங்கைக்கு உங்கள் பிள்ளையைக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டவள் நான். நானே போய் வேண்டாம் என்றால் இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அத்தை சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. நீயும் இங்கே வந்துவிட்டால் எனக்குப் பேச ஒரு ஆள் கிடைக்கும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?

எரிச்சலில் எழுதியிருக்கிறாய். ஆறப்போடு. துண்டை வெந்நீரில் போடு.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

முடிக்கும் நகத்துக்கும் இல்லை. எழுதக் கூசி ஒன்றை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி கெட்டுப்போன மீனைத் தின்றுவிட்டுப் பஞ்சு படுக்கையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். விரிப்பு, மெத்தை எல்லாம் நாசம். மறுநாள் காலை நானும் அவளும் அதை அலசிப் போட்டு, வீட்டுக்கார அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று வாளியைத் தேடிக்கொண்டிருந்தோம். உன் கொழுந்தன் வந்து, "நீங்க பையை எடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். கொஞ்ச நேரத்தில் படுக்கை தயார். மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு, மேலே தட்டி வைத்த தலையணைகள். எனக்கு அவன்மேல் மரியாதையே வந்துவிட்டது அக்கா. நகத்தைக்கூட மன்னித்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, எந்தப் பையன் இப்படிச் செய்வான் என்று அவன் கன்னத்தைத் தட்டினார். அவனும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

ரயில் கிளம்பியதும் சொன்னான். எதையும் கழுவவில்லையாம். மெத்தையைப் புரட்டிப் போட்டு, வாந்தி விரிப்பைச் சுருட்டி மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் திணித்துவிட்டு, அலமாரியிலிருந்து புது விரிப்பை எடுத்து மேலே போட்டிருக்கிறான். "நாறுறதுக்குள்ள அடுத்த ஆளு வந்துடுவான். பழி அவன் தலையில. எங்க அண்ணன் கத்துக்குடுத்த வித்தை." வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தான். பஞ்சுகூடச் சிரித்தாள். தன் அசிங்கத்தில் அத்தானை வேறு இழுக்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "அந்தப் பையனா?" என்று மட்டும் கேட்டார். அவன் என்னை முறைத்து, "அது என்ன உன் வீடா? கல்யாணம் ஆகட்டும், உன்னைச் சரிபண்றேன்" என்றான்.

அழுக்கென்றால் கழுவிக்கொள்ளலாம் அக்கா. இவன் விரித்த படுக்கையில் நான் எப்படிப் படுப்பேன்? உன் தலை குனியும் என்று தெரியும். தெரிந்தும்தான் கேட்கிறேன், எனக்காகச் சொல்லிவிடு.

உன் தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

சொல்லிவிட்டேன். உன் பேச்சையே எடுக்கவில்லை, எனக்குத்தான் இஷ்டமில்லை என்று அத்தையிடம் சொன்னேன். அன்றிலிருந்து இங்கே யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது போகட்டும்.

கல்யாணமான புதிதில் நாங்கள் ஒரு கடற்கரை ஊருக்குப் போயிருந்தோம். இரண்டாம் நாள் எனக்குத் தேதிக்கு முன்பே வந்துவிட்டது. விடுதி விரிப்பெல்லாம் கறை. புதுப் பெண், கூச்சத்தில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் வந்து தட்டினார். "நீ பையை எடு, நான் பாத்துக்கறேன்" என்றார். வெளியே வந்தால் படுக்கை வெள்ளை வெளேரென்று இருந்தது. முகம் சுளிக்காமல் மனைவியின் கறைத் துணியை அலசிப் போட்ட மனுஷன் என்று நினைத்தேன். அதற்கப்புறம் அவர் கத்தினாலும், தட்டை வீசினாலும், அன்றைக்கு அலசினாரே என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். ஒன்பது வருஷம் அதை வைத்துத்தான் குடும்பம் நடத்தினேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே கேட்டேன். "அந்த விரிப்ப நீங்க அலசித்தானே போட்டீங்க?" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். "அதையா? அந்தக் கருமத்த எவன் தொடுவான்?" என்றார். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். போட்டேன்.

இப்போது அவர் எச்சில் தட்டை எடுத்தால் குமட்டுகிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் குமட்டுகிறது. எனக்குத் தெரியாமல் எதை எதை எங்கெங்கே திணித்து வைத்திருக்கிறாரோ என்று துணி மடிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

நீ செய்தது சரி. அந்த அம்மாவுக்குச் சொன்னாயே, அதுவும் சரி. எனக்கு மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று உன்மேல் கோபம் வருகிறது. நியாயம் இல்லைதான், ஆனாலும் வருகிறது. நன்றாகப் படி. நேரத்துக்குச் சாப்பிடு. கொஞ்ச காலத்துக்கு எனக்குக் கடிதம் போடாதே. நான் இன்னும் இந்த வீட்டில்தான் படுத்து எழுந்திருக்க வேண்டும்.

அக்கா