உள்ளே ஊர்கிற கூட்டம்

பாசமுள்ள மகளுக்கு, இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் அம்மாதான் எழுதுகிறாள், அசிங்கமான இடம் வந்தால் முகத்தைச் சுளிக்கிறாள், எதையும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

புதுப் பாலம் திறந்த மறுவாரமே ஒரு பக்கம் உட்கார்ந்ததே, உன் தம்பி பரீட்சையில் கோட்டை விட்டானே, அந்த வருஷம்தான் எனக்கு நெஞ்சுக் குழாயில் பலூன் விட்டு விரித்தார்கள். வார்டில் நாலு கட்டில். நான், தையல்காரர், பாத்திரக்கடைக்காரர், நாலாவது அந்த லாரி டிரைவர். நான் பல் விளக்கும் தொட்டியிலேயே காறித் துப்புவான், அவனுக்குக் காறல் என்று பேர் வைத்ததே நான்தான். 

அந்தக் குழாய் மறுபடி அடைத்துவிட்டது. கொழுப்பு இல்லை, உங்கள் சொந்தச் சதைதான் என்றார் டாக்டர். உன் ஆராய்ச்சிக்கூடத்தில் நீ பார்க்கிறதே இதைத்தானே, போனில் விளக்கினாய், பலூன் உரசின காயத்தை ஆற்ற, குழாய்ச் சுவரில் இருக்கிற தசைச் செல்கள் கிளம்புமாம், அதுகள் மேலெல்லாம் ஒட்டிப் பிடிக்கிற கை இருக்குமாம், முன்னால் ஒன்றைப் பற்றி, பின்னால் ஒன்றை விட்டு, உள்பக்கமாக ஊர்ந்து வந்து குவியுமாம். சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சொந்த நெஞ்சுக்குள்ளேயே புழு நெளிகிற மாதிரி, சீ. என் கால் முறிந்தபோது ஒத்தாசைக்கென்று வந்த உன் சித்தப்பன் நடையில் கட்டிலைப் போட்டு, கால் கூடின பிறகும் கிளம்பாமல், கக்கூசுக்குப் போகக்கூட வழி விடாமல் கிடந்தானே, அதே ரகம். அந்தக் கைகளைக் கட்டிப்போடேன் என்றால், அடியோடு கட்டினால் காயமே ஆறாது, அளவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்கிறாய். தேடு தாயே. அதுவரைக்கும் மருந்து பூசின கம்பிச் சுருள் வைத்து விரிக்கலாம், மருந்து அதுகளைப் பெருக விடாது என்கிறார் டாக்டர். இதே மாதிரி மறுபடி அடைத்தும் இரண்டாம் தடவை வேண்டாமென்ற தையல்காரரும் கடைக்காரரும் போய்ச் சேர்ந்தாயிற்று. நானும் வேண்டாமென்றுதான் இருந்தேன்.

முந்தாநாள் காறல் வந்தான். வாசல் படியில் துப்பிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான். தான் இரண்டாம் தடவை அந்தச் சுருளையும் வைத்துக்கொண்டு கல்லு மாதிரி இருப்பதாகச் சொல்லி, உன் அம்மா வைத்த தட்டைக் காலி பண்ணினான். துடைக்காத கையால் என் கையைப் பிடித்து, பெருசு, நீயும் போயிட்டா நம்ம கதையை நான்தான் சொல்லணும் என்றான். அந்த வாயாலா! படியைக் கழுவி விடச் சொல்லிவிட்டு, டாக்டருக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழணும். ஆராய்ச்சிக்கூடத்தில் அதுகளைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதே. வியாழன் அன்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

இப்படிக்கு, கைநாட்டு வைக்கும் உன் அப்பா.

இன்னொன்று. ஒருவேளை நான் திரும்பாவிட்டால், அந்த வார்டில் நான் அழுதேன், பயந்தேன் என்று கதை ஏதும் காதில் விழுந்தால் நம்பாதே. சொல்வதற்கு உயிரோடு மிச்சம் இருக்கிறவன் காறல் ஒருத்தன்தான்.