முழங்கால் உயர மதில்

என்ர செல்ல மகளுக்கு,

எங்கட சேமக்காலைக்குக் கடல் பக்கமாய் மதில் கட்ட ஒருமாதிரி அனுமதி கிடைச்சிட்டுது. அரச அதிபரின்ர கச்சேரியில ஓம் எண்டிட்டினம். கரையில கல் அடுக்க ஆமி முகாம்தான் விடேல்லை. நானும் மேசன் சிறிலும் அங்க போனம்.

"பங்கரோ கட்டப் போறீங்கள்?" எண்டு அதிகாரி தமிழிலயே கேட்டார்.

"இல்லை ஐயா, செத்தவைக்கு. ஒவ்வொரு மாரிக்கும் கடல் கல்லறையளை அரிக்குது."

அவர் யன்னலால கடலைப் பார்த்தார். "முழங்காலுக்கு மேல உயரக் கூடாது" எண்டு கையெழுத்து வைச்சார்.

நேற்று விடிய அளவுக் கயிறு கட்டினம். கடல் பால் மாதிரி அசையாமல் கிடந்தது. வானம் எது, தண்ணி எது எண்டு தெரியேல்லை. எல்சி மாமியின்ர கல்லறையோட சிறில் கயிறை நிப்பாட்டிட்டான். "இதுக்கு அங்கால அத்திவாரம் நிக்காது அண்ணை" எண்டு சொல்லேக்க அவன் என்ர முகத்தைப் பார்க்கேல்லை.

மாமிக்கு அங்கால ஆரை வைச்சனாங்கள் எண்டு உனக்குத் தெரியும்.

செருப்பைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில இறங்கி நிண்டனான். முழங்காலளவு தண்ணி. நல்ல இளஞ்சூடு, பிள்ளை. உன்ர அம்மாவுக்குக் குளிர் ஏலாதெல்லோ.

உன்ர,
அப்பா