ஓரம் தட்டாத உறை

டிராயரைத் திறந்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. கவருக்குள் நீ தைத்த உறை. நீ இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சலோடு மூன்று நாள் வேலைக்கு வந்தாய். ஒப்பந்த ஆளுக்கு லீவு கிடையாது.

சந்தாபுராவில் கார்மென்ட்ஸ் தையலை விட்டுவிட்டு, எங்கள் ஆய்வகத்தில் குடுவை கழுவ வந்தாய். எனக்கும் உனக்கும் ஒரே வயது. கார்பன் தூள் கலந்த பாலிமர் கரைசலை மயிரிழையைவிட மெல்லிய நாராக இழுத்து, சுழலும் உருளையில் சுற்றிய துணிமேல் படியவைக்க நான் முயன்றுகொண்டிருந்தேன். நார்கள் ஒரே திசையில் படிந்தால்தான் அந்தத் துணி நாடித்துடிப்பை உணரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வைக்கோல் போர். நாலு மாதமாகக் கரைசலையும் மின்னழுத்தத்தையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் குடுவையை வைத்துவிட்டு உருளையைப் பார்த்தாய்.

"ஏ டாக்டரம்மா, துணிய டேப் போட்டு ஒட்டிக்கிறியே, சுத்தறப்ப ஓரம் படபடன்னு அடிக்குது. காதுல விழல?"

வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்றேன்.

"கூட்டு. துணியே பறந்துடும்."

மறுநாள் தலையணை உறை போல ஒன்றைத் தைத்துவந்தாய். இரண்டு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நேருக்கு நேர் சேர்ந்திருந்தன. உருளையில் இழுத்து மாட்டி, எங்காவது தட்டுகிறதா என்று கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாய். அன்று நார்கள் வாரிய தலைமுடிபோலக் கிடந்தன.

ஆய்வுக் கட்டுரையில் உன் பெயரையும் சேர்த்தேன். "தைக்கிறதெல்லாம் ஆராய்ச்சியாம்மா? கடைசியில நன்றிப் பகுதியில போடு" என்றார் என் வழிகாட்டி சார். என் பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும். உன் பெயரை நன்றிக்கு நகர்த்தினேன். நன்றியிலும் 'உதவிப் பணியாளர்கள்' என்றுதான் வந்தது.

உன்னிடம் சொன்னபோது சிரித்தாய். "பேர விடு. தையல சரியா எழுதினியா? இல்லன்னா இன்னொருத்தி டேப்ப ஒட்டிக்கினு அழுவா."

நான் பெயரைப் பற்றியே நினைத்தேன், நீ அடுத்து வருகிறவளை நினைத்தாய். குடுவை கழுவுகிறவள் யோசித்தால் அதற்குப் பெயர் உதவி. நாங்கள் யோசித்தால் அறிவு.

இப்போது இரண்டாவது கட்டுரை. உன் பெயரை முதலில் எழுதினேன். "இல்லாதவங்க பேரு எதுக்கு?" என்று சார் அடித்து அனுப்பினார். 'அவள் பெயர் இல்லாவிட்டால் என் பெயரும் வேண்டாம்' என்று எழுதி, மறுபடி சேர்த்து இன்று காலை அவருக்கு அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் உன் உறையை உருளையில் மாட்டினேன். நான் நினைக்கும் முன்பே என் கட்டைவிரல் ஒரு சுற்று வந்தது. எங்கும் தட்டவில்லை.