மின்னுவுக்கு வைத்த சோறு

ஜூலை 7, திங்கள்

விடாத மழை. மட்டாஞ்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஒரு செருப்பு போயே போயிற்று. வாங்க வேண்டியது: செருப்பு, கொசுவர்த்தி, அவர் சட்டைக்குப் பித்தான்.

நான் வேலை செய்யும் ஹோட்டலுக்கு ரெண்டு சந்து தள்ளி, தகரக் கொட்டகையில் மின்னு. கடற்கரையில் சவாரி போகும் குதிரை. மழைக்காலம், சவாரிக்கு ஆளில்லை. நின்றுகொண்டே இருந்தால் காலில் நீர் கோத்துவிடுமாம். அதனால்தான் குதிரைக்காரர் லத்தீப் இக்கா போன மாதம் என்னை ஏறச் சொன்னார். "நினக்கு கனம் கொறவல்லே, ஏறிக்கோ. பயம் வேண்டா." நான் கனமே இல்லையாம். இல்லாவிட்டால் பாத்திரம் கழுவுகிறவளை யார் குதிரையில் ஏற்றுவார்கள்?

இன்று கயிற்றை விட்டுவிட்டார். கடற்கரையில் நானும் மின்னுவும் மட்டும். கொஞ்சம் ஓடவும் செய்தது. கத்தினேன். சந்தோஷத்தில்தான், பயத்திலும் கொஞ்சம். இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் வாய்விட்டுக் கத்தியது இதுதான் முதல் தடவை.

ராத்திரி வீட்டில் அவரிடம் சொன்னேன். "அடுத்த மாசம் யானையா? எங்கம்மா காதுக்குப் போச்சுன்னா தெரியும்." சிரிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

தொடை வலி. படி இறங்கினால் உயிர் போகிறது.

அவருக்கு வைப்பின் தீவில் கட்டட வேலை. காலையிலேயே படகு. அவர் போனதும் நான் கொட்டகைக்கு. இந்த ஊரில் எனக்கு வேலை சொல்லாத உயிர் மின்னு ஒன்றுதான். தப்பு மலையாளத்துக்குச் சிரிக்காத உயிரும் அதுதான்.

மழையில் மெலிந்த மாதிரி இருந்தது. பொறுக்கவில்லை. மத்தியானம் ஹோட்டலில் சிவப்பு மட்டை அரிசிச் சோறு நிறைய மீந்தது. கழனித் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து ஒரு வாளி கொண்டுபோய் வைத்தேன். ஊரில், போடியில், எங்கள் பசுவுக்கு வைப்பது மாதிரியே. லத்தீப் இக்கா தொழப் போயிருந்தார். வாளியை நக்கித் தீர்த்துவிட்டது. புண்ணியம் செய்த மாதிரி திரும்பினேன்.

ஜூலை 10, வியாழன்

மழை விட்டது. மின்னுவுக்கு வயிற்று வலி. படுத்துப் புரள்கிறது. எழுகிறது, தன் வயிற்றையே திரும்பிப் பார்க்கிறது, மறுபடி புரள்கிறது. உடம்பெல்லாம் வேர்வை. காலையிலிருந்து லத்தி போடவில்லை.

பள்ளுருத்தியிலிருந்து புல் கொண்டுவரும் ஆன்டணி சேட்டன் சட்டையை லத்தீப் இக்கா பிடித்துவிட்டார். "நின்டெ அழுகின புல்லு தின்னிட்டாணு!"

"என்டெ புல்லுக்கு ஒரு கொழப்பமும் இல்லா இக்கா. மாதாவாணெ சத்யம்." பாவம், குரல் உடைந்துவிட்டது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாளி என் காலடியில். சொல்லவில்லை. சொன்னால் இனி ஏற விடமாட்டார், அது ஒன்றுதான் மனதில் ஓடியது. எழுதவே கேவலமாக இருக்கிறது.

பதினொரு மணிக்கு மிருக டாக்டரம்மா. ஊசி. மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய். "எந்தா கொடுத்தது? சத்யம் பறயணும். இல்லெங்கில் குதிர சாகும்."

"நான்தான். சோறு. ஒரு வாளி."

"குதிர பசுவல்லல்லோ, மோளே." சோறு உள்ளே புளித்து, ஊதி, வலி எடுக்குமாம். பசுவின் வயிறு வேறு, குதிரையின் வயிறு வேறு. மாட்டோடு வளர்ந்தவள் என்று எனக்குப் பெருமை வேறு.

லத்தீப் இக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆன்டணி சேட்டன் பார்த்தார். அடித்திருந்தால் தேவலை.

படுக்க விடாமல் நடத்தச் சொன்னார் டாக்டரம்மா. லத்தீப் இக்கா கயிற்றை யாரிடமும் தரவில்லை. நான் பின்னாலேயே நடந்தேன். ஹோட்டலிலிருந்து மூன்று போன், எடுக்கவில்லை. நாலு மணிக்கு லத்தி போட்டது. ஆன்டணி சேட்டன் கைதட்டினார். மூன்று பேரும் சிரித்தோம். அப்புறம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டோம்.

"நீ பறஞ்ஞது நன்னாயி," என்றார் லத்தீப் இக்கா, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "பக்ஷே இனி இங்கோட்டு வரவேண்டா."

ஜூலை 12, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. செருப்பு இன்னும் வாங்கவில்லை.

அவரிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தார். "இந்த ஊர்ல வேற குதிரை இல்லியா?"

அழுகை வந்துவிட்டது. வேற குதிரை வேண்டாம்.

ஜூலை 14, திங்கள்

காலை ஹோட்டலுக்குச் சுற்றுவழியில் போனேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது, குறுக்கே கொட்டகைப் பக்கம் வந்துவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடை.

மின்னு கனைத்தது. கயிறு இறுக இறுகக் கழுத்தை நீட்டுகிறது. முதுகு தேய்த்துக்கொண்டிருந்த லத்தீப் இக்கா நிமிர்ந்து பார்த்தார். கூப்பிடவில்லை. போகவும் சொல்லவில்லை.

சோற்று வாளிக்காகத்தான் கனைக்கிறது, எனக்காக இல்லை என்று நினைத்தேன். ரெண்டு கையையும் விரித்துக் காட்டினேன், ஒன்றுமில்லை என்று.

அப்புறமும் கனைத்தது.