கடித மாலைக்குக் கொடுத்த கடிதம்

பாய்,

தட்டச்சு செய்யும் ஸ்டென்சில் தாளில் பிழை விழுந்தால் அதை மூடுவதற்கு ஒரு சிவப்புத் திரவம் உண்டு. சின்னப் புட்டி, மூடியோடு சேர்ந்த தூரிகை. திறந்தால் நகப்பூச்சு வாடை அடிக்கும். ஒரு தீற்றல் தடவி, ஊதிக் காயவைத்து, அதன் மேலேயே சரியான எழுத்தைத் தட்டிவிடலாம். சைக்ளோஸ்டைல் பிரதியில் பிழை இருந்த இடமே தெரியாது. இன்று மத்தியானம் நூலகத்தில் அந்தப் புட்டியைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

மழை விட்டபின் நடக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தேன். நவராத்திரிக்குக் கொலுவோடு பழைய புத்தகங்களின் கண்காட்சி. சரஸ்வதி பூஜையன்று புத்தகம் தருவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. விஜயதசமியன்று சிறுவர் உறுப்பினர் சேர்க்கை. பிறகு ஒரு கண் டாக்டரின் பேச்சு, தீபாவளி மலர்களுக்கு முன்பதிவு, வீட்டிலும் ஹிந்தியே பேசும் நம் குழந்தைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. ஞாயிறு காலையைத் தொலைக்காட்சித் தொடர் எடுத்துக்கொண்டுவிட்டதால் எல்லாவற்றையும் சாயங்காலத்துக்குத் தள்ளியிருக்கிறேன். கடைசியாக, தீபாவளி கழிந்த ஞாயிறன்று கடித மாலை. அதில் கடைசி வரியில்தான் பிழை செய்தேன். என்ன பிழை என்று பிறகு சொல்கிறேன்.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையிலிருந்து கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் நூலகம் வரை நடந்தே வருவீர்கள். செருப்பை வாசலில் விடுவீர்கள். யாரும் விடச் சொல்லவில்லை. உங்கள் விரல்களில் எப்போதும் தோல் ஒட்டும் பசையின் கறை இருக்கும். நான் புத்தகத்தைக் கொடுக்குமுன் அந்தக் கைகளைத்தான் பார்ப்பேன்.

"கை அலம்பினேளா?"

"ரெண்டு வாட்டி, மாமி. மோந்து பாக்கியளா?"

வாசிப்பு மேசையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. கணவர் போனபின் இந்த நூலகத்தின் கௌரவச் செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டவள் நான். சிரித்தால் ஒழுங்கு போய்விடும் என்று நம்பினேன்.

கடித மாலை என் யோசனைதான். பம்பாய்த் தமிழர்கள் எல்லோரிடமும் ஊரிலிருந்து வந்த ஒரு கடிதமாவது பெட்டியின் அடியில் இருக்கும். அதை எடுத்துவந்து மேடையில் வாசிக்கட்டும் என்றேன். அறிவிப்புப் பலகையில் விதிகளையும் எழுதினேன். ஐந்து நிமிடத்துக்கு மிகக் கூடாது. கடிதத்தைத் தெளிவாகப் படியெடுத்துப் பத்து நாள் முன்னதாகச் செயலாளரிடம் தர வேண்டும். செயலாளர் திருத்தித் தருவார்.

முதலில் பெயர் கொடுத்தவர் நீங்கள்.

"என் பேரையும் போடுங்க, மாமி. வீட்லேர்ந்து வந்த லெட்டரு. அவ எனக்கு எழுதுன மொத லெட்டரு."

"அதுல என்ன விசேஷம்?"

"அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது. பட்டறை மேஸ்திரிதான் சாயா நேரத்துல எல்லாருக்கும் கேக்க சத்தமாப் படிச்சான். ஒரே சிரிப்பு. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், எம் பொஞ்சாதி லெட்டர இனி இன்னொருத்தன் வாயால கேக்கப்படாதுன்னு. பேப்பர்ல எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிச்சேன். நாலு பேரு முன்னாடி நானே அத ஒருதரம் படிக்கணும், மாமி. அவ்வளவுதான்."

கேட்டேன். இதை அறிமுகத்தில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன். நான் கேட்டது அவ்வளவுதான், பாய்.

அடுத்த வாரம் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுத்தீர்கள். மொத்தம் பதினான்கு கடிதங்கள் வந்திருந்தன. ஒரே உட்காரலில் திருத்தினேன். கான்வென்டில் எங்கள் மதர் வைத்திருந்ததைப் போன்ற பேனா, அதே சிவப்பு மை. உங்கள் தாள் பழுத்துப்போயிருந்தது. பட்டறைக் காகிதம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எழுத்து கோணலாக இருந்தது. உங்கள் கை அப்படித்தான் எழுதும் என்று நினைத்தேன். 'மச்சானுக்கு' என்பதை அடித்துக் 'கணவருக்கு' என்று எழுதினேன். ஊர்ப்பேச்சை எல்லாம் நல்ல தமிழாக மாற்றினேன். வீட்டு விவரங்கள் மேடைக்கு எதற்கு என்று சில வரிகளை முழுதாக அடித்தேன். தாளின் அடியில் காரணமில்லாமல் ஒரு நீளக் கீறல் ஓடியிருந்தது. அதைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் 'சுத்தமாக எழுதவும்' என்றும் எழுதினேன்.

திருத்துகிறபோது நான் படிப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

நிகழ்ச்சியன்று வெள்ளைச் சட்டை, தொப்பியோடு வந்தீர்கள். உங்கள் மச்சினன், உங்கள் மனைவியின் தம்பி, பட்டறை ஆட்களைக் கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் தாளைப் பிரித்தீர்கள். வெகு நேரம் அதையே பார்த்தீர்கள். மேடை பயம் என்று நினைத்து நான் தலையசைத்து ஊக்கினேன்.

"அன்புள்ள கணவருக்கு..."

கடைசி வரிசையிலிருந்து உங்கள் மச்சினனின் குரல் வந்தது. "கணவரா! அரே, மச்சான் எப்பய்யா கணவரானாவ?"

பட்டறை ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மணியைத் தட்டினேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு பிழையில்லாமல், நான் எழுதியதை எழுதியபடியே வாசித்து முடித்தீர்கள். நல்ல கைதட்டல். பக்கத்தில் இருந்த நூலகத் தலைவரிடம், "பார்த்தேளா, ஒரு இடத்துல தடுக்கலை" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தீர்கள்.

"மாமி, இந்தச் செவப்பு மை போகுமா?"

"எதுக்குப் போகணும்?"

"இது அவ எழுதுனது."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் என் வாயில் வந்த வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன். "நோட்டீஸ்ல தெளிவாப் போட்டிருந்தேனே, படியெடுத்துத் தரணும்னு."

"போட்டிருந்திய, மாமி. பட்டறையில ஒரு பைய மாதிரிக்குக் கேட்டா அசலத்தான் குடுப்போம். நகலக் குடுத்தா மருவாதி இல்ல. அந்தப் பழக்கத்துல குடுத்துட்டேன். எந் தப்புதான்."

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். "அவாளையே இன்னொண்ணு எழுதித் தரச் சொல்லுங்களேன்" என்றேன்.

"அவ மவுத்தாயி, போய்ச் சேந்து பதினோரு வருசமாச்சு."

அப்போதும் என் வாயில் வந்தது இதுதான், பாய்: "நாழியாயிடுத்து. ஹாலைப் பூட்டணும்."

நீங்கள் தாளை மடித்து உறையில் போட்டுக்கொண்டீர்கள். மீதி நாற்காலிகளையும் மடக்கி வைத்துவிட்டுத்தான் போனீர்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஐந்து வயதிலேயே கற்றுக்கொடுத்தார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் காலை மிதித்தால் ஆங்கிலத்தில் உடனே வரும். உங்களிடம் வரவில்லை. நீங்கள் நூலகத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தால் வீடு தேடி வந்திருப்பேனோ என்னவோ. நீங்களோ வாரம் தவறாமல் வந்தீர்கள். அதே மரியாதை, கை அலம்பியது பற்றி அதே கேலி. அதனால் இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுவருடக் கடித மாலைக்கு நீங்கள் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை. நாற்காலி போட மட்டும் வந்தீர்கள். அப்படியே சில வருடங்கள் போயின.

அந்தச் சாயங்காலங்களில் நான் என் கணவரின் கடிதங்களில் ஒன்றை வாசிக்கலாமா என்று எடுத்துப் பார்த்ததுண்டு. டூர் போன ஊர்களிலிருந்து ஆங்கிலத்தில் எழுதியவை. ஒன்றில்கூடத் திருத்த ஒன்றுமில்லை. வாசிக்கவும் ஒன்றுமில்லை.

போன மழைக்கு முன்னால் நெஞ்சுவலி என்று ஊருக்குப் போனீர்கள். இந்த வருடம் பிள்ளையார் கரைத்த மறுநாள் உங்கள் மச்சினன் வந்தார். நீங்கள் ஊருக்கு எடுத்துப்போன நூலகப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"மச்சான் போயிட்டாவ, மாமி. புஸ்தகத்த மட்டும் குடுத்துரச் சொன்னாவ. ஒரு தாளு மடங்கல, பாத்துக்கிடுங்க."

பிறகு சட்டைக்குள்ளிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்தார்.

"இதுவும் அவுககிட்டதான் இருந்துச்சு. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதுல எது எங்க அக்கா, எது நீங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க அடிச்சது என்னன்னு உங்களுக்குத்தான தெரியும். கடித மாலையில ஒருதரம் படிச்சுக் காட்டுங்க. அவ பேசுன மாதிரியே. கணவர் கிணவர்லாம் வேண்டாம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இதுவும் இன்னொருவர் வாய்தானே என்று உங்கள் சொல்லே எனக்குத் தடையாக நின்றது. ஆனால் ஒரு தம்பி தன் அக்காவின் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிறார். அதை மூடி வைத்தவள் நான். சரி என்றேன்.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் படித்தேன். சிவப்புக்கு அடியில் அந்த அம்மாளின் நீல எழுத்து தெரிந்தது. முதல் முறையாகப் படித்தேன், பாய்.

"அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம். இங்க மழ வந்துட்டு. ஒழுகுத எடத்துல நீங்க வாங்கிப் போட்ட ஈயச்சட்டிய வச்சிருக்கேன். அது டங்கு டங்குன்னு சத்தம் போடயில நீங்க வீட்ல இருக்க மாதிரியே இருக்கு. நீங்களும் அப்படித்தான சத்தமாப் பேசுவிய. எழுத்து கோணலா இருக்குன்னு சிரிக்காதிய. மடியில புள்ளைய வச்சிக்கிட்டு எழுதுதேன். பேனாவப் புடிச்சி இழுக்கான்."

அடியில் இருந்த கீறல் உங்கள் பிள்ளை இழுத்தது. அதைத்தான் வட்டமிட்டுச் சுத்தமாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இன்றைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலின் கடைசி வரியில், கை பழக்கத்தில், 'கணவருக்கு ஒரு கடிதம்' என்று தட்டிவிட்டேன். அதற்காகத்தான் புட்டியைத் திறந்தேன். தடவி, ஊதி, காய்ந்ததும் 'மச்சானுக்கு' என்று தட்டினேன். வாசிப்பவர் பெயர் போடவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்த முதல் வரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். யாரையும் அப்படி அழைத்துப் பழகாத வாய். நாலாவது தடவைதான் ஒழுங்காக வந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடைசிக்கு முந்தைய வரியில், 'வரும்போது எனக்குன்னு ஒண்ணும் வாங்காதிய' என்று எழுதியிருக்கிறார். அடுத்து ஒரு சொல். அதன் பின் 'மட்டும் கொண்டாங்க, போதும்.' பொருள் கேட்பது மேடைக்கு அழகில்லை என்று அந்தச் சொல்லை மட்டும் பேனாவை அழுத்தி, தாள் கிழியுமளவுக்கு அடித்திருக்கிறேன். ஜன்னலில் பிடித்தாலும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தும் தெரியவில்லை. அவருடைய தம்பிக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தனை வருடம் என் மேசைக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

கடித மாலையன்று அந்த இடம் வந்ததும் நிறுத்துவேன். என் சொல் எதையும் அங்கே போட மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் மணி அடிக்கப் போவதில்லை. பிறகு மீதியை வாசித்து, தாளை மடித்து, உங்கள் மச்சினனிடம் கொடுத்துவிடுவேன். அந்த ஒரு சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது, பாய், என்ன சொல் என்றே தெரியாமல்.